பஞ்சிகாவத்தையில் ஒரு 465: சுவிச்சைப் போடலாமா?

கேள்வி (வத்தளை வாசகர், 2025 ஜனவரி 11)

பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய இரும்புக் கடை ஒன்றில் டெக்ட்ரோனிக்ஸ் 465 ஸ்கோப் (மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஒசிலோஸ்கோப்) ஒன்று கிடக்கிறது. திரை உடையவில்லை, துரு இல்லை, முன்பக்கத் திருகிகளில் (சுற்றும் குமிழ்களில்) இரண்டைக் காணோம். கடைக்காரர் 18,000 கேட்கிறார். போட்டுக் காட்டுங்கள் என்றால், "வாங்கிக்கொண்டு போய்ப் போடு" என்கிறார். நண்பர்கள் எல்லாரும் குப்பை வாங்காதே, காசு சேர்த்து டிஜிட்டல் வாங்கு என்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சுவிச்சைப் போடலாமா?

பதில்: ஜனவரி 11, இரவு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். போடாதேயும் தம்பி. கடைக்காரர் தன்னை அறியாமலே உமக்கு நல்லது செய்திருக்கிறார்.

பின்பக்கம் பாரும். 115, 230 என்று வோல்ட் மாற்றும் சுவிச் ஒன்று இருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த சாமான் என்றால் அநேகமாக 115இல் நிற்கும். நம்முடைய 230ஐ அதற்குள் விட்டால் பியூஸ் மட்டும் போவது உமது அதிர்ஷ்டம். யாரோ பியூஸ் கூட்டுக்குள் கம்பித்துண்டு சுற்றி வைத்திருந்தால் டிரான்ஸ்போமர் போகும். அதையும் கழற்றிப் பாரும். 230க்கு மாற்றினால் பியூஸின் அம்பியரும் பாதியாக வேண்டும், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

முதல் கேள்விக்கு நாளைக்கு. நித்திரை வருகிறது.

ஜனவரி 12

வாங்கலாமா என்பதற்கு, எதற்கு என்று நீர் சொல்லவில்லையே. வயிற்றுப்பாட்டுக்கு ரிப்பேர் செய்பவர் என்றால் டிஜிட்டலை வாங்கும். நாலு அலையை ஒன்றாகப் பார்க்கும் நாலு சேனல் ரிகோல் ஸ்கோப் ஒன்று, அலையைப் பிடித்து நிறுத்திவைத்துக் காட்டும், யுஎஸ்பியில் படம் தரும், ஒரு கையால் தூக்கலாம். 465 அப்படியல்ல. 1972இல் வந்தது, 100 மெகாஹேட்ஸ், இரண்டு சேனல், பத்து கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறிய நாளில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை என்றால் இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது. அந்தக் கால டெக் (டெக்ட்ரோனிக்ஸ்) மெனுவலைத் திறந்து பாரும். முழுச் சுற்றுப்படமும் இருக்கும். இந்த இடத்தில் இத்தனை வோல்ட், இந்த இடத்தில் அலை இப்படி இருக்கவேண்டும் என்று திரையைப் படமெடுத்தே போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பாகமும் எப்படி வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். இன்றைக்கு ஒரு போன் சார்ஜருக்கு அப்படி ஒரு கடதாசி வாங்கிக் காட்டும் பார்ப்போம்.

18,000 கூடுதல். திருகி இரண்டு இல்லை என்பதைச் சொல்லி விலையைக் குறையும்.

ஜனவரி 13

மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: பழைய பெட்டிக்கு முதல் முதல் கரண்ட் கொடுப்பது எப்படி?

நான் செய்வது பல்ப் முறை. லைன் கம்பியை வெட்டி, இடையில் ஒரு பல்ப் ஹோல்டர். அதில் 100 வாட் குண்டு பல்ப். பெட்டி அந்தப் பல்புக்கு ஊடாகத்தான் கரண்ட் வாங்கும். உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. எல்லாம் சரி என்றால் பல்ப் ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். அந்த மங்கலைப் பார்ப்பதில் உள்ள நிம்மதி இருக்கிறதே, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வியர்த்தது போல.

எல்ஈடி பல்ப் வேலைக்காகாது. டங்ஸ்டன் இழை உள்ள பழைய குண்டு பல்ப்தான் வேண்டும். அது இப்போது கடைகளில் அருமை. என்னிடம் இருக்கும் ஆறும் வெசாக் தோரணம் கட்டும் ஒருவரிடம் கெஞ்சி வாங்கியவை. அவருக்கும் இப்போது எல்லாம் எல்ஈடிதானாம்.

ஜனவரி 19

மேலே எழுதியதில் ஒரு திருத்தம், முக்கியமானது.

பல்ப் முறை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பது போல எழுதிவிட்டேன். இல்லை. 465இல் இருப்பது கனத்த இரும்பு டிரான்ஸ்போமர், அதற்குச் சரி. எண்பதுகளில் வந்த 2465 போன்றவற்றில் சுவிச்சிங் பவர் சப்ளை (போன் சார்ஜரில் இருப்பது போன்றது). அதற்கு வோல்ட்டைக் குறைத்தால் அது குறைவாகச் சாப்பிடாது, கூடச் சாப்பிடும். ஒரே வாட்டை எடுக்கப் பார்க்கும், வோல்ட் இறங்க இறங்க அம்பியர் ஏறும். பல்ப் எரியும், சப்ளை எழும்பும், விழும், எழும்பும், விழும். "உள்ளே ஷோர்ட்" என்று முடிவுகட்டி நல்ல சப்ளையைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், அவர் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் மூன்றாம் மாடியில் இருக்கிறார், இப்போது இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.

ஜனவரி 26

தம்பி இன்னும் வாங்கவில்லையாம், இழுபறியாம். அதற்குள் என் 465இன் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நான்தான் முட்டாள்.

2009இல் ஒரு ஏலத்தில் எடுத்தது. எந்த இடத்து ஏலம் என்பது வேண்டாம். சுவிச் போட்டால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றுமே இல்லை. நான் எண்பதுகளில் கொட்டாஞ்சேனையில் டீவி ரிப்பேர் கடையில் வளர்ந்தவன். 77இல் இறக்குமதி திறந்துவிட்டபின் வந்தது, 82இல் அரச டீவியான ரூபவாஹினி தொடங்கியபின் வந்தது என்று டீவி குவிந்த காலம். திரை இருட்டு என்றால் எங்கள் கை நேரே ஹைடென்ஷனுக்குத்தான் (படக்குழாய்க்கு உயர் வோல்ட் கொடுக்கும் பகுதிக்கு) போகும். அதே பழக்கத்தில் ஸ்கோப்பிலும் ஹைவோல்டேஜ் டிரான்ஸ்போமர் போய்விட்டது என்று தீர்மானித்தேன். அளந்து பார்க்கவில்லை. தீர்மானித்தேன், அவ்வளவுதான். மூன்று மாதம் அமெரிக்காவில் இருந்து ஒன்றை எடுப்பிக்க அலைந்தேன். காசும் கட்டினேன். வந்த டிரான்ஸ்போமர் இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது.

என் பழைய மாஸ்டர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அவரை நாங்கள் ரேடியோ மாமா என்போம். தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டார்: "பதினைஞ்சு வோல்ட் வருதோ?"

வரவில்லை. அரை வோல்ட் கூட இல்லை. (ஸ்கோப்பின் உள்பாகங்களுக்குப் போகும் சப்ளை வோல்ட்டுகளில் அது ஒன்று.)

சுவிச்சை நிப்பாட்டி, அந்த 15 வோல்ட் லைனுக்கும் சசிக்கும் (பெட்டியின் உலோகச் சட்டத்துக்கும்) இடையில் ஓம் பார்த்தால் இரண்டு ஓம். எங்கோ ஒரு டன்டாலம் கெப்பாசிட்டர் (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் சிறு பாகம்) ஷோர்ட். ஆனால் எங்கே? ஒரே லைனில் பலகை பலகையாக இருக்கிறது. அதற்கு மாமா செய்த வித்தையை இன்றுவரை பயன்படுத்துகிறேன். வெளியிலிருந்து ஒரு சிறிய சப்ளையால், கரண்டைக் கட்டுப்படுத்தி, ஒரு அம்பியரை மட்டும் அந்த லைனுக்குள் விட்டார். மல்டிமீற்றரை மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைச் சசியில் பிடித்து, சிவப்பு முனையைச் செப்புப் பாதை வழியே மெல்ல நகர்த்தினார். எண் இறங்கிக்கொண்டே போகும், ஏனென்றால் கரண்ட் ஓடும் செப்புக்கும் ஒரு சொட்டுத் தடை இருக்கிறது. எங்கே எண் மிகக் குறைகிறதோ, அங்கேதான் கரண்ட் சசிக்குள் இறங்குகிறது. ஷோர்ட்டான பொருளைத் தாண்டிப்போனால் எண் இறங்காமல் அப்படியே நிற்கும். ஆற்றில் சருகு போகும் பக்கம் பார்த்து ஓட்டை கண்டுபிடிப்பது போலத்தான்.

நீலநிறச் சொட்டு போல ஒரு டன்டாலம். தொட்டால் சுட்டது. வெட்டி எடுத்தேன், 15 வோல்ட் வந்தது, திரையில் கோடு வந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அதற்கு மாற்று அப்போது நாற்பது ரூபாய்.

ஆகவே தம்பி, எந்தப் பெட்டியானாலும் முதலில் சப்ளை வோல்ட்டுகளை அள. பிறகு சந்தேகப்படு. (உணர்ச்சிவசப்பட்டு நீ என்று எழுதிவிட்டேன், குறை நினைக்காதேயும்.)

பெப்ரவரி 2

வாங்கிவிட்டார்! 16,500. பல்ப் வைத்துப் போட்டாராம், பல்ப் மங்கியதாம், விசிறி சுற்றுகிறதாம், கோடு இல்லையாம்.

டன்டாலம்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெப்ரவரி 9

இன்று ஞாயிற்றுக்கிழமை காலை பாணந்துறையில் ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள் போய் முழு நாட்டையும் இருட்டில் விட்டதே, அந்த நேரம் என் மேசையில் மூன்று பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் நான் செய்யும் முதல் வேலை எல்லாச் சுவிச்சையும் நிப்பாட்டி, பிளக்கையும் கழற்றுவது. திரும்பி வரும்போது எப்படி வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டிய காலத்தில் கற்றுக்கொண்ட பாடம்.

குரங்கு ஒன்று நாடு முழுவதையும் சோதித்துப் பார்த்திருக்கிறது. அதற்கும் ஒரு பல்பைத் தொடரில் வைத்திருக்கலாம்.

பெப்ரவரி 15

ஒருவர் தன் ஹிட்டாச்சி ஸ்கோப்பின் சுவிச்சுகளுக்குள் துருப்பிடித்த கதவுக்கு அடிக்கும் எண்ணெயை அடித்துவிட்டாராம், இப்போது சரியாக வேலை செய்கிறதாம். வாழ்த்துகள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் தூசி பிடித்துப் பசையாகி நிற்கும்போது எழுதும்.

465 காரர்களுக்கு: வோல்ட்/பிரிவுத் திருகிக்கு (திரையில் ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ட் என்று தெரிவுசெய்வது) பின்னால் இருப்பது தங்கமுலாம் பூசிய மெல்லிய விரல்கள். திருகியைச் சுற்றும்போது ஒரு உருளையில் உள்ள மேடுகள் அந்த விரல்களைப் பலகையில் அமர்த்தும், தூக்கும். அதைத் தேய்த்தால் தங்கம் போய்விடும். விசிட்டிங் கார்டில் மெல்லிய கீற்று வெட்டி, ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்து, விரலுக்கும் பலகைக்கும் நடுவில் விட்டு, திருகியால் விரலை அமர்த்தி, கீற்றை மெல்ல இழும். கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை செய்யும். விரலைத் தூக்கி வளைக்காதேயும், அது ஒருமுறை வளைந்தால் பிறகு ஜென்மத்துக்கும் நேராக இருக்காது.

கழுவுவதைப் பற்றி: ஓம், ஸ்கோப்பைத் தண்ணீரில் கழுவலாம். சிரிக்காதீர்கள். அந்தக் காலத்து டெக்ட்ரோனிக்ஸ் திருத்தகங்களிலேயே சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, சூடான அறையில் காயவைத்துத்தான் வேலை தொடங்குவார்கள். நான் டிரான்ஸ்போமரையும் ஹைவோல்டேஜ் கூட்டையும் பொலித்தீனால் கட்டிவிட்டு மற்றதைப் பிரஷ்ஷால் தேய்ப்பேன். காயவைப்பதுதான் சிக்கல். கொழும்புக் காற்றில் எதுவும் காயாது. தை, மாசி வெயிலில் மொட்டைமாடியில் இரண்டு நாள், பிறகு ஒரு பெட்டிக்குள் பல்பைப் போட்டு மூன்று நாள். மனைவி கேட்டாள், "கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறீங்களோ?"

பெப்ரவரி 23

எர்த் கம்பியைப் பற்றி இப்போதே எழுதிவிட வேண்டும், தம்பிக்கு யாரோ "எர்த்தைக் கழற்றிவிடு, அப்போதுதான் சுவிச்சிங் சப்ளையைப் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அப்படிச் சொல்பவர் யார் என்று எனக்குத் தெரியும்: என்னைப் போன்ற பழைய டீவிக்காரர் யாராவது. எங்கள் கடையில் ஒரு ஸ்கோப்பிலும் எர்த் இருந்ததில்லை. காரணம், ஸ்கோப்பின் புரோப்பில் (அளக்கும் முனையில்) தொங்கும் முதலைக்கவ்வி நேரே எர்த்தோடு சேர்ந்தது. லைனிலிருந்து நேராக ஓடும் டீவிச் சசியில் அதைக் கவ்வினால் வெடி வெடித்து, பியூஸ் போய், புரோப் கம்பி கருகும். எர்த்தை வெட்டிவிட்டால் வெடிக்காது. வெடிக்காது என்பதுதான் ஆபத்து. இப்போது ஸ்கோப்பின் முழு உடம்பும், திருகிகளின் உலோகமும், பின்னால் உள்ள திருகாணியும் அந்தச் சசியின் வோல்ட்டில் நிற்கும். ஒருநாள் மாமா ஒரு கையால் ஸ்கோப்பைப் பிடித்து மறுகையால் யன்னல் கம்பியைப் பிடித்தார். அன்றிலிருந்து அவருடைய இடது கைச் சுட்டுவிரலில் ஒரு வெள்ளைத் தழும்பு.

சரியான வழி: ஸ்கோப்பை எர்த்தில் விட்டு, பார்க்கப்போகும் பொருளை ஐசலேஷன் டிரான்ஸ்போமரில் (லைனோடு நேர்த் தொடர்பில்லாமல் கரண்ட் தருவது) போடுவது. இல்லாவிட்டால் ஒரே மாதிரியான இரண்டு டிரான்ஸ்போமரை முதுகோடு முதுகு சேர்த்தும் செய்யலாம். அப்புறம், பழைய வீடுகளின் வட்டமுனைச் சொக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். நான் இருந்த முந்திய வீட்டில் அந்தக் கம்பி சுவருக்குள் இரண்டு அடி போய், சும்மா முடிந்திருந்தது.

மார்ச் 8

தம்பி இன்று நேரிலேயே வந்துவிட்டார், ஸ்கோப்பைத் துவாயில் சுற்றி, பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு. இப்போது "அங்கிள்" ஆகிவிட்டேன்.

சப்ளை வோல்ட்டுகளை அளந்தோம். எல்லாம் இருக்கின்றன. 15உம் இருக்கிறது. என் டன்டாலம் ஜோசியம் பிழை. பெப்ரவரி 2 குறிப்பை அழிக்கப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

சரி, பிறகு என்ன? பீம் ஃபைண்ட் என்று ஒரு சிறிய பொத்தான் இருக்கிறது. கோடு திரைக்கு வெளியே எங்கேயோ ஓடினாலும், அதை அமத்தினால் சுருக்கி உள்ளே கொண்டுவந்து காட்டும். அமத்தினேன். திரையின் மேல் விளிம்பில் ஒரு சிறிய பச்சைக் கீற்று. ஆக, படக்குழாய் உயிரோடு இருக்கிறது, ஹைவோல்டேஜ் இருக்கிறது, கிடையாக ஓடுகிறது. கோட்டை யாரோ மேலே தள்ளிவிடுகிறார்கள்.

"சேனல் 2ஐப் போட்டுப் பார்த்தீரோ?"

பொடியன் என்னைப் பார்த்தார். ஐந்து கிழமையாகக் கோடே இல்லை, கோடே இல்லை என்று எழுதியவர் சேனல் 2ஐ அமத்திப் பார்க்கவில்லை! அமத்தினோம். நடுத்திரையில் நூல் பிடித்தது போல ஒரு கோடு. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. கோடு வரும் அந்த நிமிடத்தில் யாரும் பேசுவதில்லை, நான் கவனித்திருக்கிறேன்.

சேனல் 2 சரி என்றால் இரண்டுக்கும் பொதுவான கடைசி அம்பிளிபயர் சரி. பிழை சேனல் 1இன் முன்பகுதியில். ஒரு கருவியும் தொடாமல், முன்பக்கப் பொத்தானாலேயே பெட்டியின் முக்கால்பங்கைக் கழித்துவிட்டோம். 465இல் நிறைய டிரான்சிஸ்டர்கள் ஈயம் வைத்து ஒட்டாமல் சொக்கெட்டில் குத்தியிருக்கும். சேனல் 1 பக்கத்தில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் கால்கள் கறுத்துப்போய், விளக்குத்திரி போல. நான் மெனுவலைப் புரட்டி வோல்ட் பார்க்கத் தொடங்குவதற்குள் தம்பி அந்த வரிசையில் எல்லாவற்றையும் பிடுங்கி, கால்களைத் துடைத்து, திரும்பக் குத்திவிட்டார்.

கோடு நடுவுக்கு வந்துவிட்டது.

எது பிழை? தெரியாது. இனி ஒருக்காலும் தெரியாது. அவர் சந்தோசத்தில் குதிக்கிறார், நான் ஒரு கொலைக்குச் சாட்சியெல்லாம் கழுவித் துடைக்கப்பட்டது போல நிற்கிறேன்.

மார்ச் 9

காலையில் யோசித்துப் பார்த்தேன். என்னுடையது டன்டாலம், ஆகவே எல்லாருடையதும் டன்டாலம். மாமாவிடம் பாடம் படித்ததாக நினைத்தது 2009இல். பதினாறு வருடம் கழித்து, படித்தது "அளந்து பார்" என்பதல்ல, "டன்டாலத்தைப் பார்" என்பதுதான் என்று இப்போது விளங்குகிறது.

தம்பிக்கு ஒன்று: ஒன்றைப் பிடுங்கு, துடை, குத்து, சுவிச்சைப் போட்டுப் பார், நிப்பாட்டு. பிறகு அடுத்தது. (இனி நீ என்றே எழுதப்போகிறேன், மடியில் ஸ்கோப்பைத் தூக்கிவந்த பிள்ளை.)

மார்ச் 22

அவோமீற்றர் (முள் வைத்த பழைய மல்டிமீற்றர்) பற்றிக் கேட்டவருக்கு. இந்தத் தொடர் ஸ்கோப்பைப் பற்றியது, இருந்தாலும் அவோ என்றால் நான் எழுதாமல் விடமாட்டேன்.

உங்களிடம் இருப்பது மொடல் 8 என்றால் பத்திரமாக வைத்திருங்கள். இங்கிலாந்துச் சாமான், 1951இல் வந்தது, 2008 வரை செய்தார்கள். முள்ளுக்குக் கீழே கண்ணாடிக் கீற்று ஒன்று இருக்கிறதே, அது அழகுக்கில்லை. முள்ளும் கண்ணாடியில் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு கண்ணால் நேரே பார்த்து வாசிக்கத்தான். உயர்ந்த ஓம் அளக்க 15 வோல்ட் பற்றரி வேண்டும், அது கிடைப்பது கஷ்டம். ஐந்து 3 வோல்ட் நாணயப் பற்றரியைத் தொடராக அடுக்கி, குழாயில் போட்டு வைத்திருக்கிறேன், நாலு வருடமாக ஓடுகிறது.

"பழைய மெனுவலில் உள்ள வோல்ட் என் டிஜிட்டல் மீற்றரில் கூடக் காட்டுகிறது, பிழையா?" என்றும் கேட்டிருந்தீர்கள். பிழையில்லை. அந்த மெனுவலை எழுதியவர் அளந்தது ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள முள் மீற்றரால். 10 வோல்ட் வீச்சில் வைத்தால் அது 200 கிலோ ஓம் சுமை. உங்களுடையது 10 மெகா ஓம். வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாய்) ரேடியோவில் கிரிட் போன்ற, தடை கூடிய மெலிந்த இடத்தில் பழைய மீற்றர் வோல்ட்டைக் கொஞ்சம் கீழே இழுத்துத்தான் காட்டும், அந்த இழுத்த எண்ணையே அச்சடித்திருப்பார்கள். அப்படிப்பட்ட ரேடியோவுக்கு மட்டும் நான் இன்றும் அவோவைத்தான் எடுப்பேன். மாமாவுடையது. அவர் போனபின் அவருடைய மகள் கொண்டுவந்து தந்தார், தோல் பையோடு.

ஏப்ரல் 15

புதுவருடத்துக்கு ஒருவர் தன் தகப்பனார் வைத்திருந்த டெக் 545இன் படம் அனுப்பியிருக்கிறார். வால்வு ஸ்கோப், முப்பது கிலோ அளவில் இருக்கும். உள்ளே ஒட்டும் ஈயக் கம்பியின் சிறிய சுருள் ஒன்று மாட்டியிருக்கிறது, யாரோ மறந்துவிட்டுப் போனார்களோ என்று கேட்கிறார்.

ஐயா, அதைத் தொடாதீர்கள், தூக்கி எறியாதீர்கள்! கம்பனியே வைத்து அனுப்பியது. அந்தக் கால டெக் பெட்டிகளில் பாகங்களை ஒட்டியிருப்பது வெள்ளைப் பீங்கான் கீற்றுகளில். பீங்கானில் ஈயம் ஒட்டாது, ஆகவே பள்ளங்களில் வெள்ளி பூசி அதன்மேல் ஒட்டியிருப்பார்கள். சாதாரண ஈயம் சூடாகும்போது அந்த வெள்ளியைக் கரைத்துக் குடித்துவிடும். அதனால்தான் மூன்று வீதம் வெள்ளி கலந்த ஈயத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள்.

எப்படித் தெரியும்? 1994இல் அப்படி ஒரு பெட்டியில் சாதாரண ஈயத்தால் ஏழு இடம் ஒட்டினேன். ஏழும் ஒரு வருடத்துக்குள் பீங்கானிலிருந்து கழன்றன. அந்தச் சுருளைப் பார்த்தேன், எவனோ மறந்துவிட்டான் என்று நினைத்து, வேறொரு ரேடியோவுக்குப் பாவித்து முடித்திருந்தேன்.

ஏப்ரல் 27

நேற்றிரவு பதினொன்றரைக்கு என் சிக்னல் ஜெனரேட்டர் வெடித்தது.

பழைய ஐரோப்பியப் பெட்டி. லைன் பில்டரில் (லைன் உள்ளே வரும் இடத்தில் இரைச்சலை வடிக்கும் பகுதி) ரிஃபா என்ற கம்பனியின் கெப்பாசிட்டர் இருந்தது. மஞ்சள் கலந்த கண்ணாடி போன்ற உடம்பு, உள்ளே உலோகம் பூசிய கடதாசி. வருடம் போகப்போக அந்த உடம்பில் மயிரிழை வெடிப்பு விழும், ஈரம் உள்ளே போகும், ஒருநாள் புகைந்து தள்ளும். கொழும்பில், அதுவும் கடலைப் பார்த்த வீட்டில், அது எப்போது என்பதுதான் கேள்வி. இது எனக்குத் தெரியும். பத்துப் பேருக்காவது "முதல் வேலையாக மாற்றுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். என் பெட்டியில் வெடிப்பு இருந்ததையும் போன வருடம் பார்த்தேன். "அடுத்த கிழமை."

கவனிக்கவேண்டியது: பெட்டியின் சுவிச் நிப்பாட்டித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கெப்பாசிட்டர் சுவிச்சுக்கு முன்னால் இருக்கிறது, சுவர்ச் சொக்கெட் போட்டிருந்தால் எப்போதும் 230இல் நிற்கும். டப் என்று ஒரு சத்தம், அப்புறம் விசில் போல, அப்புறம் வெள்ளைப் புகை. பழுப்பு நிறப் பாகு பலகையெல்லாம். மணம் சொல்லி முடியாது. மேல்வீட்டு அன்ரி கதவைத் தட்டி, "தம்பி, என்ன கருவாடு கருகிப்போச்சோ?" என்றார். ஓம் அன்ரி என்றேன். விளக்கப் போனால் விடிந்துவிடும்.

இன்று காலை வீட்டில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் திறந்தேன். இன்னும் நாலு இருந்தன, நாலிலும் வெடிப்பு.

மே 13

தம்பி எழுதியிருக்கிறார்: கோடு சாய்ந்து நிற்கிறது, இடப்பக்கம் தாழ்வு, வலப்பக்கம் உயர்வு. டன்டாலமா அங்கிள் என்று வேறு நக்கல்.

முன்பக்கத்தில் ட்ரேஸ் ரொட்டேஷன் என்று ஒரு சிறிய துளை இருக்கும், உள்ளே திருகாணி. அதைத் திருப்பினால் நேராகும். ஆனால் திருப்புவதற்கு முன் சொல்: மேசையை இடம் மாற்றினாயா?

நான் மாற்றினேன், அதனால்தான் கேட்கிறேன். மழை தொடங்கியதால் கடல் யன்னலால் தூவானம் அடிக்கிறது. மனைவி மேசையைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டாள். முன்பு ஸ்கோப் கடலுக்கு முதுகு காட்டிக் கிழக்கே பார்த்தது, இப்போது கோட்டைப் பக்கம், வடக்கே பார்க்கிறது. அன்றிரவு போட்டால் கோடு திரைக்கட்டத்தில் அரைச் சிறுபிரிவு சாய்ந்திருந்தது. திருகாணி தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பெட்டியைக் கையால் மெல்லத் திருப்பினேன், கோடு நேரானது. திரும்ப வடக்கே, சாய்ந்தது. விளையாட்டுப் பிள்ளை போல அரை மணித்தியாலம் திருப்பிக்கொண்டிருந்தேன்.

பூமியின் காந்தம்தான். இந்தியா 1963இல் ராக்கெட் விடத் தும்பாவைப் பிடித்தது காந்த நடுக்கோடு அந்தப் பக்கத்தால் போகிறது என்பதால். நாமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம், ஆகவே இங்கே காந்தப்புலம் மேலே கீழே சாயாமல் கிட்டத்தட்டக் கிடையாக, தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. குழாயைச் சுற்றி உலோகக் கவசம் இருந்தாலும் கொஞ்சம் உள்ளே கசியும். எலக்ட்ரான் கற்றை கிழக்கு மேற்காகப் போனால் கோடு முழுவதும் மயிரிழை ஏறும் அல்லது இறங்கும், கோட்டை ஏற்றி இறக்கும் பொசிஷன் திருகியைத் திருப்பிவிட்டுக் கவனிக்காமலே போய்விடுவோம். வடக்கு தெற்காகப் போனால் கோடு சுழலும். அந்தத் திருகாணியை வைத்ததே இதற்குத்தான்.

திருப்பி நேராக்கிவிட்டேன். மழை விட்டதும் மேசை பழைய இடத்துக்குப் போகவேண்டும் என்று வீட்டு உத்தரவு. ஆகவே சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஸ்கோப்பின் தலையிலேயே இருக்கிறது. உன்னுடையது எந்தப் பக்கம் பார்க்கிறது, அதை முதலில் எழுது.